ஒரே துண்டு

பெரிய வியாழன் மாலை. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். பாதம் கழுவும் சடங்குக்கு மேலத்தெருவிலிருந்து எட்டுப் பேர், காலனியிலிருந்து நான்கு பேர். அந்த நான்கு நாற்காலிகளும் போராடி வாங்கியவை. யாரும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை.

முதலில் மேலத்தெரு, கடைசியில் காலனி என்பதுதான் வழக்கம். தண்ணீரும் துண்டும் அந்த வரிசையில்தான் போகும்.

அன்று பங்குக்குரு ஞானாதிக்கம் சாமி காலனிப் பக்கமிருந்து தொடங்கினார்.

செம்பு ஏந்திப் பின்னால் வந்தவர் குருப்பட்டத்துக்குக் காத்திருக்கும் திருத்தொண்டர் பெர்க்மான்ஸ். சாமியைவிட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் சாமியிடம் கற்க வந்தவர். மறுகோடி நாற்காலியில் இருந்தவர் அவருடைய அப்பா, நாட்டாமை இன்னாசிமுத்து. மருத்துவர்கள் கைவிட்ட இதயம். சாவதற்குள் அப்பாவைக் கடவுளோடு சேர்த்துவிட வேண்டுமென்று மகன்தான் கெஞ்சி அழைத்து வந்திருந்தார்.

காலனிக்காரர் நான்கு பேரின் காலையும் கழுவித் துடைத்த அதே துண்டோடு சாமி நேரே மறுகோடிக்குப் போய் நாட்டாமையின் முன் முழங்காலிட்டார். நாட்டாமை காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேற துண்டு எடுங்க சாமி."

"இதுக்கு என்ன?"

"என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

காலனி வரிசையிலிருந்து பாக்கியநாதன் சொன்னார்: "எங்க காலு சுத்தமாத்தான் இருக்கு நாட்டாமை. இப்பத்தான் சாமி கழுவுனாரு."

யாரோ சிரித்தார்கள். நாட்டாமையின் முகம் கறுத்தது.

பெர்க்மான்ஸ் குனிந்தார். "சாமி, உள்ளே புதுத் துண்டு இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம்."

நாட்டாமை எழுந்தார். "நீயும் பாத்துக்கிட்டு நிக்கிறியாடா?" என்று மகனைக் கேட்டுவிட்டு, மார்பைப் பிடித்தபடி நடுவழியே நடந்து வெளியேறினார்.

பாடற்குழுவின் பாட்டு நின்றுவிட்டது.

"ஒரு துண்டுதானே சாமி?" என்றார் பெர்க்மான்ஸ். "குடுத்திருந்தா அது இரக்கம் இல்லையா?"

"குடுத்திருந்தா உட்கார்ந்திருப்பாரு. அடுத்து, தனியா ஒரு ஆண்டவரைக் கேட்டிருப்பாரு."

"இப்படியே செத்துப் போனா?"

சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி. ஆண்டவர் எங்கப்பாவைத் தள்ளிடுவாரா?"

"இப்ப இங்க யாரு யாரைத் தள்ளுனா, பிரதர்?"

வெறும் நாற்காலிக்கு முன்னால் சாமி முழங்காலிட்டபடியே இருந்தார். மேலத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழத் தொடங்கினார்கள்.

"எழுந்திரிங்க சாமி," என்றார் பெர்க்மான்ஸ். "சனங்க பாக்குறாங்க."

"செம்பைக் கீழ வச்சுட்டு அவர் பின்னால ஓடுங்க."

"போய் என்ன சொல்லட்டும்?"

"நான் இன்னும் எழுந்திரிக்கலைன்னு சொல்லுங்க. துண்டையும் மாத்தலைன்னு சொல்லுங்க."