சாத்தன் ஆச்சன் குடியிருந்த வீடு

கணினியில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடிப் பிடித்து நம்மை அங்கே கொண்டுபோய் விடுகிறது இணையம். மாறநாட்டில் கணினி கிடையாது. கூத்தன் இருந்தான்.

அரண்மனையில் அவன் ஓலைநாயகம். யாருக்கு ஓலை போக வேண்டுமோ, அந்தப் பெயரையும் தெரு, ஊர், நாட்டையும் சொன்னால் போதும்; வீட்டு எண்ணைக் கொண்டுவந்து தருவான். விலாசத்தை அவன் வாலிலிருந்துதான் படிப்பான். முதலில் நாடு. நாட்டதிகாரியிடம் அவனுடைய தூதன் ஓட்டன் ஓடுவான். அவருக்கு ஆளைத் தெரியாது, ஊர்த்தலைவரைத் தெரியும். ஊர்த்தலைவருக்கும் ஆளைத் தெரியாது, தெருக்கணக்கரைத் தெரியும். கணக்கர் ஏட்டைப் புரட்டி எண்ணைச் சொல்வார். வந்த எண்ணைக் கூத்தன் ஏழு நாள் குறித்து வைப்பான். வேறொருவர் அதே பெயரைக் கேட்டால் ஓட்டம் மிச்சம். எட்டாம் நாள் கிழித்துவிடுவான். ஆள் வீடு மாறியிருக்கலாம் அல்லவா?

அமைச்சர் மழவராயருக்கு ஒரு மைத்துனர் வீட்டில் சும்மா இருந்தார். அவருக்குக் கூத்தனின் பதவியை வாங்கித் தர எண்ணி, அமைச்சர் ஒருநாள் சபையில் எழுந்தார்.

"அரசே, இவனுக்கு ஒரு வீடும் தெரியாது. 'அவரைக் கேள், இவரைக் கேள்' என்பதற்கு ஒரு பதவியா?"

"என்ன கூத்தா?" என்றார் மன்னர் வீரசெண்டர்.

"உண்மைதான் அரசே. எல்லாம் தெரிந்திருந்தால் நான் அமைச்சராகியிருப்பேனே!"

சபை சிரித்தது. மழவராயர் சிரிக்கவில்லை.

"என் பால்ய நண்பன் சாத்தன் ஆச்சன். மூங்கில் தெரு, ஆற்றுப்பாக்கம், கீழைநாடு. எங்கே, வீட்டு எண்ணைச் சொல்லட்டும்!"

"எட்டு நாள் தருகிறேன்," என்றார் மன்னர். "எண் வராவிட்டால் உன் பதவியின் முத்திரை மோதிரத்தை அமைச்சரின் மைத்துனரிடம் கொடுத்துவிட்டு நாட்டை விட்டுப் போ."

"அப்படி ஓர் ஆளே இல்லையென்றால், அரசே?"

"தேடத் தெரியாதவன் பேச்சு!" என்றார் மழவராயர்.

ஆறாம் நாள் ஓட்டன் வந்தான்.

"நாடு இருக்கிறது, ஊர் இருக்கிறது, தெருவும் இருக்கிறது ஐயா. கணக்கர் ஏட்டை மூன்று தடவை புரட்டிவிட்டார். அந்தப் பெயரில் யாருமே இல்லையாம்."

கூத்தனுக்குச் சுரீர் என்றது. மழவராயர் இல்லாத பெயரைக் கட்டிவிட்டிருக்கிறார்! 'இல்லை' என்று சபையில் சொன்னால் மோதிரம் போகும். கணக்கர் சொல்லை அங்கே யார் நம்புவார்கள்? மோதிரத்தைத் திருகியபடி யோசித்தான். பிறகு சிரித்தான்.

"எட்டாம் நாள் நல்ல தலைப்பாகை கட்டிக்கொண்டு சபை வாசலில் வந்து நில். வாயை மட்டும் திறக்காதே."

எட்டாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. மைத்துனர் மோதிரம் வழுக்கி ஏற விரலில் எண்ணெய் தடவி வைத்திருந்தார்.

"அரசே, ஆற்றுப்பாக்கம் மூங்கில் தெருவிலிருந்து வந்தாயிற்று," என்றான் கூத்தன். "வாசலில்தான் நிற்கிறார். அழைக்கட்டுமா?"

மழவராயர் துள்ளி எழுந்தார். "பொய்! எவனுக்கோ வேஷம் கட்டிக் கூட்டிவந்திருக்கிறான். சாத்தன் ஆச்சன் எப்படி வருவான்? அப்படி ஒருவன் பிறக்கவே இல்லையே!"

சபையே மழவராயரைத் திரும்பிப் பார்த்தது.

"சாத்தன் ஆச்சன் வந்தார் என்று நான் சொல்லவில்லையே, ஐயா," என்றான் கூத்தன் பணிவாக. "நிற்பது நம் ஓட்டன். தெருக்கணக்கர் சொன்னதும் இதுதான். நீங்களே சொல்லிவிட்டீர்கள், அவனுக்கு வேலை மிச்சம்."

மன்னர் மீசையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "இருக்கட்டும். நான் கேட்டது வீட்டு எண். அது வரவில்லையே?"

"வந்திருக்கிறது அரசே. வாலிலிருந்து படிக்கிறேன். நாடு, மழவராயர். ஊர், அவர் தலை. தெரு, அவர் வாய். முப்பத்திரண்டு கதவு போட்ட ஒற்றை வீடு, எண் ஒன்று. சாத்தன் ஆச்சன் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த நாக்கு நுனியில்தான்!"

மன்னர் கிரீடம் நழுவச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"மழவராயரே, அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டி வையும்."

"உத்த..." என்று தொடங்கிய அமைச்சர், சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார்.