ஆள் இல்லாத படம்

“நோ பீப்பிள். வாட் டைம்?” என்று கேட்டார் சௌந்தரபாண்டியன்.

கேட்டுவிட்டுக் கோயிலைக் காட்டினார். கூட்டத்தைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் கூட்டத்தைத் துடைத்துக் காட்டினார்.

பூசாரி சருகு கூட்டுவதை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, இடுப்புக்குக் கீழே மடிப்பு மடிப்பாக வெளிர்நீல உடை. நாற்பது வயதுகூட இருக்காது.

“எந்த ஊரு அண்ணே?” என்றார். தமிழில்.

சௌந்தரபாண்டியன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயதில், பதினான்கு கிலோ பையோடு, அறுநூற்று நாற்பது படி ஏறி வந்திருந்தார். மூச்சு முட்டியதில் காது கோளாறாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்.

“சிவகாசி” என்றார் மெதுவாக. “சாமிக்கு எப்படித் தமிழ்?”

“ஓரகடம். கார் கம்பெனி. ஆறு வருஷம் பெயிண்டு செக்கிங்ல இருந்தேன். பேரு இசோபே. பசங்க ஈசப்பான்னு கூப்புடுவாங்க. அப்பா செத்துட்டாரு, கோயில் என் கைக்கு வந்துடுச்சு.”

“நான் தமிழ்னு எப்படித் தெரிஞ்சுது?”

“ஏறி வர்றப்ப எல்லாரையும் திட்டிக்கினே வந்தீங்களே அண்ணே.”

சௌந்தரபாண்டியன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் திட்டியதற்குக் காரணம் இருந்தது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்து அண்ணாச்சி அவரை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு மலைக்கோயில். ஒரு படத்திலும் ஆள் இருக்கக் கூடாது.

பதினொன்று முடிந்துவிட்டது. நாளைக்கு விமானம். டிசம்பர் மட்டும் பாக்கி.

“முப்பது வருஷம் கல்யாண வீட்டுப் படம் எடுத்தேன் சாமி. மூவாயிரம் மாப்பிள்ளை. எல்லாரும் ஒரே மாதிரி முழிப்பாங்க. போதும்னு ஸ்டூடியோவை மச்சினன்கிட்ட கொடுத்துட்டேன். இனிமே மனுஷ மூஞ்சியப் படம் பிடிக்க மாட்டேன்னு சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லிட்டு வந்திருக்கேன். ஒரே ஒரு நல்ல இடம் காட்டுங்க. நான் பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறேன்.”

இசோபே விளக்குமாற்றால் ஒரு கல்விளக்கைக் காட்டினார்.

“அதுக்குப் பக்கத்துல நில்லுங்க.”

சௌந்தரபாண்டியன் போய் நின்றார். நின்ற உடனே புரிந்தது, அதுதான் இடம். சிவப்பு மர வாயில், அதற்குப் பின்னால் படிகள், படிகளின் முடிவில் பாசி பிடித்த கூரை, இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள். யாரோ அளந்து வைத்தது போல இருந்தது.

முக்காலியை விரித்தார். காமிராவைப் பூட்டினார். காத்திருந்தார்.

கீழேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. முப்பது பெண்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். ஏதோ மலையேறும் சங்கம். கரடி கிட்டே வராமல் இருக்க ஒவ்வொருவரும் பையில் ஒரு மணி கட்டியிருந்தார்கள். கரடி மட்டும்தான் வரவில்லை.

முதல் பெண் கல்விளக்கருகே வந்தாள். சௌந்தரபாண்டியனின் பெரிய காமிராவைப் பார்த்தாள். மரியாதையாகக் குனிந்தாள். தன் போனை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.

அவர் எடுத்துக்கொடுத்தார்.

அவளுக்குப் பின்னால் இருபத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

அவர்கள் போனதும் கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன்காரக் குடும்பம். பிறகு நாயோடு வந்த ஒருவர். நாயை மட்டும் தனியாக நாலு படம் எடுக்கச் சொன்னார்.

பதினோரு மணிக்குச் சௌந்தரபாண்டியன் பூசாரியைத் தேடிப் போனார். காது சிவந்திருந்தது.

“ஏன் சாமி என்னை அங்க நிக்கச் சொன்னீங்க?”

“நல்ல இடம் கேட்டீங்களே.”

“எல்லாரும் அங்கதானே வர்றாங்க!”

“நல்ல இடமாச்சே அண்ணே” என்றார் இசோபே.

மதியம் கூரைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இசோபே சோற்று உருண்டை கொண்டுவந்தார். சௌந்தரபாண்டியன் பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் பாக்கெட்டை எடுத்தார். இசோபே ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. தியானம் போலிருக்கிறது என்று சௌந்தரபாண்டியன் பேசாமல் இருந்தார்.

“கேன்டீன்ல வெள்ளிக்கிழமை இதான் போடுவாங்க” என்றார் இசோபே, கண்ணைத் திறந்து. பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்தார். “ரெண்டு மணிக்கு மேல பனிமூட்டம் ஏறும் அண்ணே. குளிருக்குப் பயந்து எல்லாரும் கீழ இறங்கிடுவாங்க. டென்ஷன் ஆவாதீங்க.”

சௌந்தரபாண்டியனுக்கு உயிர் வந்தது. லென்ஸைத் துடைத்தார். கல்விளக்கைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றார்.

இரண்டு மணிக்குக் கூட்டம் கரைந்தது. மரங்களுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

அப்போது இசோபே வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் கையில் ஒரு பொட்டலம். பொட்டலம் அழுதது.

“அண்ணே, கொழந்தைய மொத மொத கோயிலுக்குக் கொண்டாந்துருக்காங்க. வர வேண்டிய போட்டோக்காரர் வண்டி பாதியில நின்னுபோச்சு.”

“சாமி, பனி வருது.”

“கொழந்தையோட அப்பா கப்பல்ல வேலை செய்றாரு. நாளைக்குப் போனா எட்டு மாசம் கழிச்சுத்தான் வருவாரு.”

“மனுஷ மூஞ்சி எடுக்கிறதில்லைன்னு சொன்னேனே!”

இசோபே பொட்டலத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் மூஞ்சி வரல அண்ணே. முப்பத்திரண்டு நாள்தான் ஆவுது.”

சௌந்தரபாண்டியனும் எட்டிப் பார்த்தார். உண்மைதான். அழுகை மட்டும்தான் இருந்தது.

“ரெண்டே நிமிஷம்” என்றார்.

காமிராவைக் கழற்றினார். முக்காலியை அங்கேயே விட்டார். குழந்தைக்குக் குளிரும் என்று பக்கத்து மண்டபத்துக்குள் போனார்கள்.

குழந்தை தாயிடம் இருந்தபோது விம்மியது. தந்தையின் கைக்கு மாறியதும் அலறியது. அவன் குழந்தையைத் தன் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தான். முழங்கை இரண்டும் கம்பி மாதிரி நின்றன. நெற்றியில் வியர்வை. மனைவி தரையைப் பார்த்தாள்.

சௌந்தரபாண்டியன் காமிராவைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

பிறகு அதைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு அவனிடம் போனார்.

“இங்க பாருங்க தம்பி. விறைக்காதீங்க. அது பாம்பு இல்ல, பிள்ளை” என்று தமிழிலேயே சொன்னார். அவன் முழங்கையைத் தட்டி மடக்கினார். குழந்தையின் தலையை எடுத்து அந்த மடிப்பில் வைத்தார். “கழுத்துக்கு அடியில கை. ஆங். நெஞ்சோட சேத்து. உங்க நெஞ்சு அடிக்கிறது அதுக்குக் கேக்கணும்.”

அவன் பூசாரியைப் பார்த்தான். இசோபே, பாம்பு உட்பட, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு அவனும் சிரித்தான். சிரிப்பில் அவன் நெஞ்சு குலுங்கியது. அந்தக் குலுக்கலில் குழந்தை அழுகையை நிறுத்தி, ஒற்றைக் கண்ணைத் திறந்து, யார் இந்த ஆள் என்பது போல அவனைப் பார்த்தது.

கிளிக்.

“அம்மா, நீங்க அவர் தோள்கிட்ட வாங்க. இன்னும். சண்டையா? இல்லல்ல? அப்ப வாங்க. தம்பி, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. என்னைப் பாக்காதீங்க, பிள்ளையைப் பாருங்க.”

இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை; இசோபே கதவுப் பக்கம் போயிருந்தார். எல்லாரும் சரியாகச் செய்தார்கள்.

இரண்டு நிமிடம் எவ்வளவு நேரமோ ஓடியது. கடைசியில் குழந்தை அவன் நெஞ்சில் தூங்கிப்போனது. வாங்கிக்கொள்ள மனைவி கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

இன்று இரவே படத்தை அனுப்புவதாகச் சௌந்தரபாண்டியன் சொன்னார். அவன் குழந்தையோடு குனிந்தான். இவர் பதிலுக்குக் குனிந்தார். அவன் இன்னும் தாழக் குனிந்தான். நாலாவது சுற்றில் சௌந்தரபாண்டியனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

வாயில் பளிச்சென்று வெயிலில் நின்றது. படிகள் ஈரமாக மின்னின. பனியின் கடைசி வால் மலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு பேருந்து வந்து நிற்க, மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஐம்பது தொப்பிகள் ஏறி வந்தன.

அவர் முக்காலியருகே போய் நின்றார். ஒருவர் ஏற்கெனவே போனை நீட்டினார்.

எடுத்துக்கொடுத்தார். வேறு என்ன செய்வது?

பிறகு ஓரமாகப் போய்ச் சிவகாசிக்குப் பேசினார்.

“அண்ணாச்சி, டிசம்பர் கிடைக்கல.”

“ஏன், என்னாச்சு?”

“ஆள் வந்துட்டாங்க.”

அண்ணாச்சி அந்தப் பக்கம் இரண்டு வினாடி யோசித்தார். அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

“சரி விடு. டிசம்பருக்கு நம்ம முருகனைப் போட்டுக்கிடுதேன். அவரும் மலைமேலதான இருக்காரு” என்று போனை வைத்துவிட்டார்.

சௌந்தரபாண்டியன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து இதற்காகவா தவித்தோம் என்றிருந்தது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இசோபே மறுபடியும் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

“சாமி, நான் உள்ள இருந்தப்ப பனி வந்துச்சா?”

“வந்துச்சு அண்ணே.”

“ஆள்?”

“ஒருத்தர்கூட இல்ல. ஒரு கால்மணி நேரம். உங்க முக்காலி மட்டும் நின்னுச்சு.”

“நீங்க பாத்தீங்களா?”

“கதவுகிட்டதானே நின்னேன். பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

இசோபே விளக்குமாற்றின் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார்.

“செமையா இருந்துச்சு அண்ணே.”

“அட, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? ஏன் சாமி சொல்லல?”

“சொன்னா,” என்றார் இசோபே, “நீங்க வந்துடுவீங்களே.”