இரண்டாம் இருக்கை

டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக். உப்பங்கழியை விடியற்பனி மூடியிருந்ததால் படகு தெரியவில்லை. நாலு துடுப்பும் ஒன்றாய்த் திரும்பும் ஓசை மட்டும் கரைக்கு வந்தது.

கரையில் கவிழ்த்துப்போட்ட பழைய படகில் உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. பல்கலைக்கழகத் துடுப்புப் படகுக் கழகத்தின் பயிற்சியாளர். எதிரே தாளோடு நின்ற குணாளனும் அவளும் இங்கே ஒரே வருஷம் படித்தவர்கள். அன்று "ஏய் குள்ளச்சி" என்று கூப்பிட்ட அவன் வாய்தான், பயிற்சி கொடுக்க அவளிடம் கற்றுக்கொள்ள வந்த பிறகு "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறது.

"வாசி" என்றாள்.

கழகத்தின் பொன்விழா மலருக்கு அவன் எழுதியிருந்த வரலாறு. ஓட்டைப் படகு ஒன்றோடு தொடங்கிய கதை, தென்மண்டலக் கோப்பைகள், எண்பத்திரண்டில் மூன்றாவதாக வந்த அணி, அவர்கள் பெயர்கள். எல்லாம் வாசித்தான்.

"தொண்ணூற்றெட்டு. அகில இந்தியத் தங்கம். நமது அணி வென்றது."

"பேரு?"

"பக்கத்துல இடமில்ல, மாஸ்டர்."

"மூணாவதா வந்தவனுக்கு இடமிருக்கு. தங்கத்துக்கு இல்லையா?"

குணாளனுக்கு முகம் கறுத்தது. அந்த நால்வரில் இரண்டாம் இருக்கை முதலில் அவனுடையது. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன் அவனை இறக்கிவிட்டு ஜோதிராமை ஏற்றினார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றும் அவனுக்குச் சோறு இறங்காது.

"டெஸ்டுல என்னைவிட ரெண்டு வினாடி பிந்தி வந்தவன் அவன். அப்போ படகுல திசைபிடிச்ச காக்ஸ் நீங்க. உங்களைக் கேட்டுத்தானே என்னை இறக்கினாங்க? என்ன சொன்னீங்க? மலர் இன்னைக்கு அச்சுக்குப் போகுது. காரணம் நியாயமா இருந்தா அவன் பேரை எழுதறேன். இல்லேன்னா இப்படியேதான் போகும்."

அதற்குள் படகு கரை தட்டியது. இழுப்பவர்களுக்கு எதிர்முகமாய்ப் பின்முனையில் உட்கார்ந்து திசைபிடிக்கிற காக்ஸ் பெண், பரீட்சை என்று இறங்கி ஓடினாள்.

"நீ ஏறு குணா. ரெண்டாம் சீட்டுப் பொண்ணு எப்படி இழுக்குதுன்னு வந்து சொல்லு."

"நான் எண்பது கிலோ, மாஸ்டர்."

"படகு ஒண்ணும் சொல்லாது."

"நாங்க சொல்லுவோம்!" என்றாள் படகிலிருந்த ஒருத்தி. மற்ற மூவரும் சிரித்தார்கள்.

ஏறினான். அவனுக்கு நேர் எதிரே இருந்தவளின் தோள்கள் மற்ற மூவரையும் மறைத்தன. இரண்டாம் இருக்கையைப் பார்க்க ஒரு பக்கமாய்ச் சாய்ந்து எட்டினான்.

"சார், எட்டிப் பார்க்காதீங்க! கவுத்துருவீங்க போல!"

நேராக உட்கார்ந்தான். டொக். டொக். பாலம்வரை போய்த் திரும்பினார்கள்.

"எப்படி?" என்றாள் ஜெசிந்தா.

"தெரியல. முன்னால இருக்கிற பொண்ணு மறைக்குது."

"கண்ணுக்குத் தெரியாதுதான். உட்கார்ந்த இடத்துல எப்படி இருந்தது?"

யோசித்தான். "படகு அதுபாட்டுக்குப் போச்சு. நடுவுல அங்க ஒரு ஆள் இருக்கிறதே மறந்துபோச்சு."

"ஜோதிராம் உட்கார்ந்தப்போ எனக்கும் மறந்துபோச்சு. அன்னைக்கு அவங்ககிட்ட அதைத்தான் சொன்னேன்."

"நான் உட்கார்ந்தப்போ?"

"ஒவ்வொரு இழுப்புக்கும் நீ இருக்கேன்னு தெரிஞ்சுது, குணா."

குணாளன் கவிழ்த்த படகின்மேல் தாளை வைத்து நாலு பெயரையும் எழுதினான். இரண்டாவது பெயர் எழுதும்போது மட்டும் பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

ஜெசிந்தா துணியைப் பிழிந்து, விட்ட இடத்திலிருந்து உப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.