மானியம் வாங்கிய மகாராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கருவேலநாடு என்ற சீமையை அதிரூபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் உத்தரவு போட்டால் மாலையில் அதை மாற்றிப் போடுகிற ஆள். அவருக்கு மந்திரி வெண்காடர். மந்திரியைக் கண்டாலே ஆகாதவர் பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதர்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ராஜாவுக்குத் திடீரென்று மனசு இளகி, "விவசாயிகள் எல்லாருக்கும் விதைநெல் மானியம் கொடுங்கள்!" என்றார். திருமேனிநாதர் கொடுத்து முடித்தார். உடனே ராஜாவுக்குப் பாராட்டுக் கேட்க ஆசை.

"ஒரு விவசாயியைக் கூட்டிவாருங்கள். என்னை வாழ்த்தட்டும்!"

வெண்காடர் சடைச்சியைக் கூட்டிவந்தார். குத்தகை நிலத்தை உழுது பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"விதைநெல் வந்ததா அம்மா?" என்றார் ராஜா.

"உமிகூட வரலை சாமி. சீக்கிரம் விதைக்கலைன்னா மாட்டை வித்துட்டு ஊரைவிட்டே போகணும்."

ராஜாவின் முகம் சுருங்கியது. திருமேனிநாதர் பாய்ந்து வந்தார். "அரசே, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே விவசாயி. அதுதான் விதி. இவள் பெயரில் ஒரு சாண் நிலமும் இல்லை. தங்களை அவமானப்படுத்தவே மந்திரி இவளைக் கூட்டிவந்திருக்கிறார்."

"வெண்காடரே! யார் விவசாயி என்று நாளைக்கே காட்டும். இல்லையென்றால் உமது பதவி போய்விடும்!"

"சுலபம் அரசே. மானியம் வாங்கியவர்கள் குளத்தடி வயலில் ஒரு சால் உழட்டும். உழுதவருக்கு மானியம் இரட்டிப்பு என்று பறையறையச் சொல்லுங்கள்."

மறுநாள் வரப்பெல்லாம் கூட்டம். அத்தனையும் பட்டு வேட்டி!

"முதலில் நான்," என்று வெண்காடர் இறங்கினார். "என் மனைவி பெயரில் முருங்கைத் தோட்டம் இருக்கிறது. அதற்கும் ஒரு மூட்டை வந்தது. கூசாமல் வாங்கிக்கொண்டேன்."

ஏரைப் பிடித்தார். மாடு நகர்ந்தது. மந்திரி சேற்றில் குப்புற விழுந்தார்.

அடுத்து திருமேனிநாதர். மாட்டுக்கு முன்னால் போய் நின்று, "ம், நடக்கட்டும்!" என்று அதிகாரம் செய்தார். மாடு அவருடைய அங்கவஸ்திரத்தை இழுத்து மெல்ல ஆரம்பித்தது. சிரிக்க, இந்தக் கதையைச் சொல்கிற எனக்கும் யோக்கியதை இல்லை. நான் வாயால் உழுது பிழைக்கிறவன். மற்ற பட்டு வேட்டிகள் சத்தமில்லாமல் நழுவின.

வெண்காடர் முகத்துச் சேற்றைத் துடைத்தார். "இன்னும் ஒரு விவசாயி பாக்கி அரசே. அரண்மனை நந்தவனம் யார் பெயரில் இருக்கிறது? பெரிய பங்கு அங்கேதான் போயிருக்கிறது."

"என் பெயரிலா?"

ராஜா கிரீடத்தைக் கழற்றிச் சேவகனிடம் கொடுத்துவிட்டு ஏரைப் பிடித்தார். மாடுகள் அவரை இழுத்துக்கொண்டு ஓடிக் குளத்தில் தள்ளின. எழுந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு நானே மானியம் கொடுத்துக்கொண்டு, வாழ்த்து வேறு கேட்டேனே! இந்த நாட்டில் என்னைவிட முட்டாள் உண்டா?"

"போட்டிக்கு நான் இருக்கிறேன் அரசே," என்றார் வெண்காடர்.

அங்கேயே தீர்ப்பு வந்தது. உழுகிற கைக்கே மானியம். வாங்கிய மூட்டைகள் எல்லாம் திரும்பி வர வேண்டும். முதல் மூட்டையைத் திருமேனிநாதர் தம் தலையிலேயே சுமந்து சடைச்சியின் வயலில் இறக்க வேண்டும். மந்திரிக்குப் பதவி தப்பியது. முருங்கைத் தோட்டத்து மூட்டை தப்பவில்லை.

"இப்போது சொல்லம்மா. மனசு நிறைந்ததா?" என்றார் ராஜா, தலையிலிருந்த பாசியை எடுத்துக்கொண்டே.

வரப்பில் நின்ற சடைச்சி அந்த வயலைக் கை காட்டினாள்.

"நிறைஞ்சுது சாமி. ஆனா நீங்க மூணு பேரும் கெடுத்து வச்ச இந்த நிலத்தைச் சரிபண்ணணுமே, அதுக்கு ஏதாச்சும் மானியம் இருக்கா?"