துரையின் தொப்பியைத் தின்ற ஆடு

கடிகாரத்துக்குள் குட்டிப் பூதம் ஒன்று உட்கார்ந்து பாக்கு இடிக்கிறது என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், வீரமங்களக்கோன் என்று ஓர் அரசர் இருந்தார். அவர் தும்மினால் கோட்டைப் புறாக்கள் பறந்து அடுத்த ராஜ்யத்தில் போய்த்தான் இறங்கும். அப்படிப்பட்டவருக்கு இங்கிலீஷ் பேச வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

சொல்லிக் கொடுத்தவர் அரண்மனை மொழிபெயர்ப்பாளரான துபாஷி திருவேங்கடம். யானை, தங்கம், விருந்து போன்ற பெரிய சொற்களெல்லாம் அரசருக்குப் பிடிபட்டுவிட்டன. அப், டவுன், அவுட், ஆஃப், டு, ஃப்ரம் என்கிற பொடிச் சொற்கள்தான் பாடாய்ப் படுத்தின. வெள்ளைக்காரர்கள் இவற்றைத் தனியே விடுவதில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பேச்சின் வாலில் தொங்கவிடுகிறார்கள். மேலே ஏறி அருகே வா என்பதற்கு ஒரு முடிச்சு. வெளியே தொலைந்து போ என்பதற்கு வேறொரு முடிச்சு. எது எப்போது வரும் என்பதற்குத் துபாஷி விதி வைத்திருந்தார். விதிக்கு விலக்கு வைத்திருந்தார். அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு வைத்திருந்தார். மனப்பாடம் செய்து செய்தே அரசர் இளைத்து, இடுப்புக் கச்சை முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

ஒரு நாள் காலை, கடிகாரம் விற்க விக்கின்ஸ் துரை சபைக்கு வந்தார். அரசர் இரு கைகளையும் நீட்டி, முகமெல்லாம் மலர, "கெட் அவுட் ஆஃப் ஹியர்!" என்று வரவேற்றார். வெளியே போ என்று அர்த்தம். துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். குதிரைப்படை எல்லைவரை துரத்திப் போய்க் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தது.

சபையில் ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அவர் அரண்மனை விகடர் சாத்தப்பர்.

நெடுநாளாக அவர்மேல் பொருமிக்கொண்டிருந்த துபாஷி இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "பிரபு, விகடர் சிரிக்கிறார் என்றால் இந்தச் சொற்கள் அவருக்கு அத்துப்படி என்றுதானே பொருள்? இனி அவரே தங்களுக்குக் கற்பிக்கட்டும்."

அவமானத்தில் சிவந்திருந்த அரசர் திரும்பினார். "ஓய் சாத்தப்பரே! பொழுது சாய்வதற்குள் அந்தச் சொற்கள் நம் வாயில் தாமாகவே வர வேண்டும். நாம் உட்கார்ந்து படிக்கமாட்டோம். விதியும் கேட்கமாட்டோம். வராவிட்டால் நீர் குடும்பத்தோடு ராஜ்யத்தை விட்டுப் புறப்படலாம்."

"உத்தரவு, பிரபு" என்றார் சாத்தப்பர். அவருக்கு இங்கிலீஷில் இருமக்கூடத் தெரியாது.

வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட மனைவி பேச்சியம்மை, "சிரிக்கத்தான் சம்பளம் வாங்குறீங்க. அதை நேரங்காலம் பார்த்துச் சிரிக்கக் கூடாதா? போன வாரந்தான் கூரை வேய்ஞ்சேன். இப்ப மூட்டை கட்டணுமா?" என்று பொரிந்தாள்.

சாத்தப்பர் வாயைத் திறக்குமுன் அவர்கள் வீட்டுக் கிடா அவளுடைய முந்தானையைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. அது சாதாரணக் கிடா இல்லை. பசித்தால் வண்டிச்சக்கரத்தையே சப்பிப் பார்க்கும்.

"ஏய்! கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளிய வா! அடுப்பு மேலேர்ந்து கீழ இறங்கு! திரும்பி உள்ள வா, எடுபட்ட கிடாயே!"

சாத்தப்பர் நின்ற இடத்திலேயே குதித்தார். அடியிலேர்ந்து வெளியே, மேலேர்ந்து கீழே, திரும்பி உள்ளே! இவள் எந்தத் துபாஷியிடம் விதி படித்தாள்?

"பேச்சி, மூட்டை கட்டாதே. கிடாயைக் கட்டு."

பிற்பகல் சபையில் துரை தம்முடைய கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பனைமர உயரக் கடிகாரம். சாத்தப்பர் கிடாயை உள்ளே விட்டார். அது சபையை ஒரு சுற்று பார்த்தது. துரையின் தொப்பியை அவர் தலையிலிருந்தே கவ்விக்கொண்டு சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்து மெல்ல ஆரம்பித்துவிட்டது.

"கம் அவுட் ஃப்ரம் அண்டர் தேர்!" என்று அலறினார் துரை.

"பிரபு! இது தொப்பிக்காரர் தொப்பியைத் தின்ற ஆடு, இனித் தமிழுக்கு அடங்காது. துரை சொல்வதைத் தாங்களும் சொல்லுங்கள்!" என்று கத்தினார் சாத்தப்பர்.

அரசர் சிம்மாசனத்துக்கு அடியில் குனிந்து அதையே முழங்கினார். ஆடு வெளியே வந்து, காலியாக இருந்த சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்றது. "கெட் டவுன் ஃப்ரம் தேர்!" என்றார் துரை. "கெட் டவுன் ஃப்ரம் தேர்!" என்றார் அரசர், கிரீடம் ஒரு காதில் தொங்க. ஆடு குதித்து வாசலுக்கு ஓடியது. "கம் பேக் இன் ஹியர்!" இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். தூண்கள் அதிர்ந்தன. அடுத்த ராஜ்யத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய புறாக்கள் மறுபடி கிளம்பின.

இப்படியே சபையை எத்தனை சுற்று சுற்றினார்களோ, கணக்கில்லை. கடைசியில் துரை மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு வரவில்லை. மேற்கு ஜன்னலில் வெயில் மஞ்சளித்துவிட்டது. துரை சொல்லாமல் ஒரு சொல்கூட அரசர் வாயில் இன்னும் தானாக வரவில்லை.

அந்த நேரம் ஆடு துபாஷியின் பட்டு வேட்டியை மோந்து பார்த்தது. திருவேங்கடம் ஒரே தாவில் கடிகாரத்தின் உச்சிக்குப் போய்விட்டார். கடிகாரம் ஆடியது. அரசர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

"கெட் டவுன் ஃப்ரம் தேர்!"

துரை வாயே திறக்கவில்லை. அரசரே தம் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேலே இருந்தபடியே துபாஷி, "பிரபு, தாங்கள் சொன்னது சரிதான். ஆனால் எந்த விதியின்படி சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"விதியாவது ஒன்றாவது! நீர் மேலே இருக்கிறீர், கீழே வர வேண்டும். இறங்கும் ஐயா, கடிகாரம் உடையப்போகிறது!" என்றார் அரசர். பிறகு சாத்தப்பரிடம், "நீர் எங்கும் போக வேண்டாம். நாளை முதல் இந்தத் துபாஷி உம்முடைய ஆட்டை மேய்க்கட்டும். அப்போதாவது பாஷை பிடிபடும்" என்றார்.

சாத்தப்பர் கைகூப்பினார். "வேண்டாம், பிரபு. இவர் ஆட்டுக்கு விதி சொல்லிக் கொடுத்துவிடுவார். அப்புறம் அது எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்."

அரசர் சிரித்த சிரிப்பில் கடிகாரம் நேரம் தப்பி மணி அடித்தது. சிரித்துக்கொண்டே தம் கையில் இருந்த தங்கக் காப்பைக் கழற்றிச் சாத்தப்பர் கையில் மாட்டினார். ஆடு அதையும் ஒரு தடவை நக்கிப் பார்த்தது.