கறவைக்குத் தக்க தீனி

ஊறின பருத்திப் புண்ணாக்கைத் தவிட்டோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தாள் செங்கமலம். பிசைந்தாளா, குத்தினாளா என்று சொல்ல முடியாது. அத்தனை கோபம்.

மடத்துக் கொட்டிலில் மூன்று எருமைகள். இரண்டுக்குத் தொட்டி நிறையத் தீனி வைத்தாள். மூன்றாவது, போன மாதம்தான் கன்று போட்டது. அதன் முன்னால் ஒரு பிடி வைக்கோலை வீசினாள். அது கழுத்தை நீட்டிப் பக்கத்துத் தொட்டியை முகர்ந்தது. நெற்றியில் ஒரு போடு போட்டாள்.

"கன்னு குடிக்கவே காணலை. உனக்குப் புண்ணாக்கு கேக்குதோ?"

குரு வந்து நின்றார். செங்கமலத்தைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா.

"தரகரை வரச் சொன்னியாமே?"

"ஆமாம்மா. வாசல்ல நிக்கிறார். அடிமாடா கேட்டாலும் ஓட்டிவிட்டுடுவேன். கன்னு போட்டும் ஒரு சொம்பு பால் தேறலை. மடத்துப் பிள்ளைங்க வெறும் கஞ்சியைக் குடிக்குதுங்க."

"சினையா இருந்தப்போ இதுக்கு என்ன வெச்சே?"

"வைக்கோல்தான். அப்போதான் பால் வத்திப்போச்சே! கறக்காத மாட்டுக்கு யாராச்சும் புண்ணாக்கு வைப்பாங்களா? கறக்கிற அளவுக்குத்தானேம்மா தீனி!"

குரு எருமையின் விலாவைத் தடவினார். எலும்பெல்லாம் விரலில் தட்டியது. முகம் இறுகிப்போனது. உள்ளே போய்விட்டார்.

செங்கமலம் கை கழுவி, தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனாள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. இலை முன்னால் உட்கார்ந்ததுமே மடியில் கிடந்த குழந்தை மார்பை முட்ட ஆரம்பித்தது.

சோறு போட வந்தவளைக் குரு கைகாட்டி நிறுத்தினார்.

"இவளுக்கு வேண்டாம்."

"ஏம்மா?" என்றாள் செங்கமலம்.

"முதல்ல பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடு. எவ்வளவு கொடுக்கிறியோ, அந்த அளவுக்குச் சோறு போடச் சொல்றேன்."

விளையாட்டென்று நினைத்து நிமிர்ந்தாள். குருவின் முகத்தில் சிரிப்பில்லை. கண் சிவந்திருந்தது. சோற்றுப் பானை அவளைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனது.

குழந்தை வீரிட்டது. செங்கமலத்துக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. இதுவரை குருவின் முன்னால் குரலை உயர்த்தாதவள், பந்தியே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"இது என்னம்மா நியாயம்? வெறும் வயித்துல எங்கேருந்து ஊறும்? பச்சை உடம்புக்காரிக்குச் சோத்தை நிறுத்திட்டு, பாலைக் கொண்டான்னா? நாலு வாய் உள்ளே போனாத்தானே அம்மா, பால்…"

"செங்கமலம்!" வாசலிலிருந்து தரகர் கூப்பிட்டார். "வெயில் ஏறுது, தாயி. எருமையை அவுக்கட்டுமா, வேண்டாமா?"



குரு குனிந்து, அழுகிற குழந்தையைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

"உன்னைத்தான் கேக்கிறார்."