பலாக்கொட்டை எண்ணெய்

அந்தக் காலத்தில் வேங்கைபுரி என்ற நாட்டை அமுதவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் வயிறு நிறைந்திருக்கும்போது யார் ஓலையை நீட்டினாலும் படிக்காமல் முத்திரை குத்திவிடுவார். இந்த விஷயம் வணிகத் தலைவர் தனகோடிக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவர் ஓலை கொண்டுவரும் நாளெல்லாம் கூடவே ஒரு தூக்கு நெய் அல்வாவும் வரும்.

ஒருநாள் கோட்டை வாசலில் வடை சுட்டு விற்கும் செம்பாயி சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, ரெண்டு வருஷத்துல எண்ணெய் விலை மூணு மடங்காயிடுச்சு. எள்ளு விளைச்சலுக்கு ஒரு குறையும் இல்லை. விதைக்கிறவனுக்கும் ஒரு காசு கூடுதலாக் கிடைக்கலை. நடுவுல எங்கதான் போகுதுன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

தனகோடி சிரித்தார். "பிரபு, கடைத்தெருவில் பத்தொன்பது எண்ணெய்க் கடைகள் இருக்கின்றன. மயில் கடை, சிவப்புக்கொடிக் கடை, மூன்று யானைக் கடை என்று ஒருவரோடொருவர் போட்டி போட்டு விற்கிறார்கள். இந்தம்மாவுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை. அதற்கு நாடு என்ன செய்யும்?"

"நியாயம்தானே!" என்றார் ராஜா. "ஒரு கடையில் விலை அதிகமென்றால் அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதானே?"

"பத்தொன்பதுக்கும் போனேன் சாமி. பெயர்ப்பலகைதான் வேற வேற. கடை ஒண்ணுதான்."

தனகோடியின் சிரிப்பு நின்றது. "நிரூபிக்கச் சொல்லுங்கள் பிரபு! முடியாவிட்டால் இவள் இனி இந்த ஊரில் அடுப்பே மூட்டக் கூடாது."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு வெல்லம். உடனே தலையாட்டிவிட்டார். செம்பாயியின் அண்ணன் போன வருஷம்தான் செக்கை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஏழு பேருக்கும் அந்த அடுப்புதான் சோறு போட்டது. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை.

"மகாராஜா சாதாரண ஆளா என்கூடக் கடைத்தெருவுக்கு வரணும். நாங்க திரும்பற வரைக்கும் தனகோடி ஐயா இந்தச் சபையை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ராஜா பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். "அந்த மோதிரத்தையும் கழட்டுங்க சாமி" என்றாள் செம்பாயி. கழற்றினார். வழியில் அவள் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, "பலாக்கொட்டையில் எண்ணெய் ஏதம்மா?" என்று விழித்தார்.

"அதை அவங்க வாயால சொல்றாங்களான்னு பாருங்க."

முதல் கடை மயில் கடை. ராஜா கடைக்காரரின் காதோரம் குனிந்தார். "நாளை முதல் மகாராஜா பலாக்கொட்டை எண்ணெய் தேய்த்துத்தான் குளிக்கப் போகிறாராம். அரண்மனை வைத்தியர் சொல்லிவிட்டார். உங்களிடம் இருக்கிறதா?"

கடைக்காரர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அபூர்வமான சரக்கு. நேற்றுதான் தீர்ந்தது. ஒரு பணம் முன்பணம் வைத்தால் பௌர்ணமிக்குள் தருகிறோம். படி பன்னிரண்டு பணம்."

ராஜா பணத்தை வைத்தார். செம்பாயி அவரை உடனே அடுத்த கடைக்கு விடவில்லை. ஒரு மரத்தடியில் உட்காரவைத்துச் சுண்டல் வாங்கிக் கொடுத்தாள். அவர் நிதானமாகத் தின்று முடித்ததும் தெருவின் கடைசிக்கு, பத்தொன்பதாவது கடைக்குக் கூட்டிப்போனாள்.

ராஜா வாயைத் திறக்கும் முன்பே அந்தக் கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். "வாங்க ஐயா! பலாக்கொட்டை எண்ணெய்தானே? இந்த ஊரில் எங்களிடம் மட்டும்தான் சுத்தமான சரக்கு. படி பன்னிரண்டு பணம்."

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கேயும் முன்பணம் வைத்தார். பிறகு செம்பாயி அவரைக் கடைகளின் பின்பக்கம் அழைத்துப்போனாள். அங்கே ஒரே ஒரு கிடங்கு. நடுவில் ஒரே ஒரு பெரிய தொட்டி. ஆட்கள் அதிலிருந்து மொண்டு மொண்டு குடங்களை நிரப்பினார்கள். ஒரு குடத்தின் வாயில் மயில் துணி, அடுத்ததில் சிவப்புத் துணி, அதற்கடுத்ததில் யானைத் துணி கட்டினார்கள்.

"யாருய்யா அது? தனகோடி ஐயா கிடங்குல உனக்கென்ன வேலை?" என்று மேற்பார்வையாளன் விரட்டினான். நாட்டை ஆளும் ராஜா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

சபைக்குத் திரும்பியதும் கர்ஜித்தார். தனகோடி அசரவில்லை.

"எல்லாம் என்னுடையவைதான் பிரபு. பத்தொன்பது பேர் விற்றால் தெருவெல்லாம் கூச்சல். ஒருவன் விற்றால் அமைதி. தவிர, நான் சட்டத்தை மீறவில்லை. செக்கு வைக்க வருஷத்துக்கு நூறு பொன் கட்ட வேண்டும் என்பது சட்டம். மற்றவர்களால் முடியவில்லை, விற்றார்கள். என்னால் முடிந்தது, வாங்கினேன்."

"அந்த முட்டாள்தனமான சட்டத்தைப் போட்டவன் எவன்?"

அமைச்சர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரை ஓவியங்களை ரசிக்க ஆரம்பித்தார்கள். ஓலைக்காரர் அந்தச் சட்டத்தின் ஓலையைப் பிரித்துக் காட்டினார். ராஜாவின் முத்திரை பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் ஒரு நெய்க்கறை.

ராஜாவின் முகம் கறுத்தது. யார் தலை போகுமோ என்று எல்லோரும் பயந்தபோது செம்பாயி மெதுவாகச் சொன்னாள்.

"கை மகாராஜாவோடதுதான் சாமி. அதுல இருந்த நெய் ஐயாவோடது."

ராஜாவே முதலில் சிரித்தார். அதற்குப் பிறகுதான் சபைக்குத் தைரியம் வந்தது. ராஜா அந்த ஓலையைத் தன் கையாலேயே இரண்டாக ஒடித்துப் போட்டார்.

"தனகோடி, உன் ஆட்கள் என்னிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். பலாக்கொட்டை எண்ணெய் இரண்டு படி அரண்மனைக்கு வந்தாக வேண்டும். அது வரும்வரை செக்குகளும் கடைகளும் பழைய சொந்தக்காரர்களிடம் இருக்கட்டும்."

தனகோடி ஐந்து பௌர்ணமிவரை பலாக்கொட்டையைச் செக்கிலிட்டு ஆட்டினார். மாவுதான் வந்தது. இதற்குள் கடைத்தெருவில் பழையபடி கூச்சல் கிளம்பியது. ஒரே காலையில் எண்ணெய் விலை மூன்று முறை இறங்கியது. செம்பாயியின் அண்ணன் தன் செக்கடியில் நின்று போட்ட சத்தம் அரண்மனைக்கே கேட்டதாம்.

ராஜா செம்பாயியை அழைத்தார். "இனி இந்த நாட்டுச் சந்தை முழுவதற்கும் நீதான் அதிகாரி. எண்ணெய், உப்பு, அரிசி, எல்லாவற்றுக்கும் நீ சொல்வதுதான் விலை."

செம்பாயி கும்பிட்டாள். "வேண்டாம் சாமி. எல்லாத்துக்கும் நான் ஒருத்தியே விலை சொன்னா, ரெண்டு வருஷத்துல எனக்கும் தொப்பை விழுந்துடும். பத்துப் பேரைப் போடுங்க."

"எந்தப் பத்துப் பேர்?"

அவளே யோசித்துச் சொன்னாள். அந்தப் பத்துப் பேரும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.